எண் வளையம் இல்லாத டயல்: கொழிஞ்சாம்பாறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் பாலக்காடு. வீட்டுக்குள் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். அங்கே மாவு மில் வைத்திருக்கும் ஒருவர் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த ஒரு தொலைபேசி டயலைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார். டயல் மட்டும்தான். போன் பெட்டி இல்லை, ரிசீவர் இல்லை, மணியும் இல்லை.

"ஏனுங்கண்ணா, இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமானுங்க. ஆன்லைன்ல போட்டா நல்ல வெலைக்குப் போகும்னு பையன் சொல்றான். அதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்வது என் வேலை. ஆனால் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மாவுக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. டச் ஸ்கிரீன் போன் அவருக்குப் பயன்படவில்லை, பட்டன் போனிலும் விரல் தடுமாறுகிறது. ஆனால் இந்த டயலைக் கையில் கொடுத்ததும் தடவிப் பார்த்துவிட்டு ஒரு நம்பரைச் சரியாகச் சுற்றிக் காட்டினாராம். அதைக் கேட்டபிறகு டயலின் விலையைவிட அதன் உபயோகம்தான் என் மனதில் நின்றது. அதனால் இந்த ஆய்வு இரண்டு கேள்விகளைப் பற்றியது. இது என்ன டயல்? இதை வைத்து அந்த அம்மா மறுபடி போன் பேச முடியுமா?

முன்பக்கம் சொன்னவை

முதல் தடயம் விரல் சக்கரம். இது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். பழைய டயல்களில் சக்கரம் உலோகமாக இருக்கும், எண்கள் துளைகளுக்கு உள்ளே தெரியும். எண்களைச் சக்கரத்துக்கு வெளியே வளையமாக வைக்கும் அமைப்பு அமெரிக்காவில் 1949-இல் வந்த 500 மாடலிலும், பிரிட்டனில் 1959-இல் வந்த 706 மாடலிலும் பரவியது. கையில் இருந்த டயலில் துளைகளுக்குள் எண் எதுவும் இல்லை. வெளி விளிம்பில் ஒரு வளையம் மாட்டியிருந்ததற்கான பள்ளம் மட்டும் இருந்தது. ஆக, எண் வளையம் தொலைந்துபோன, சுதந்திரத்துக்குப் பிந்தைய வடிவம் இது. வெள்ளைக்காரன் காலம் அங்கேயே அடிபட்டுப் போனது.

வளையம் இருந்திருந்தால் இன்னொரு தடயமும் கிடைத்திருக்கும். பிரிட்டிஷ் டயலில் 6-க்குப் பக்கத்தில் எம், என் என்ற இரண்டு எழுத்துகள்தான் இருக்கும். ஓ என்ற எழுத்தைச் சைபரோடு சேர்த்துவிடுவார்கள். அமெரிக்க டயலில் எம், என், ஓ மூன்றும் 6-இலேயே இருக்கும். ஆன்லைனில் பழைய டயல் வாங்குகிறவர்கள் படத்தில் இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே விற்கிறவர் சொல்லும் பாதிக் கதையைச் சரிபார்த்துவிடலாம்.

இரண்டாவது தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் துளையின் விளிம்பு முழுக்க வட்டமாகத் தேய்ந்து கீறியிருந்தது, மற்ற துளைகள் சுத்தம். அது பூட்டின் தேய்மானம். கடைகளிலும் மில்களிலும் வேலைக்காரர்கள் எஸ்.டி.டி போடாமல் இருக்க, டயலின் துளையில் விரல் அளவு உருளைப் பூட்டு ஒன்றைச் செருகிப் பூட்டுவார்கள். முதல் துளையில் பூட்டினால் 1 மட்டும் சுற்றும். அதற்கு மேல் பூட்டின் உடல் விரல் தடுப்பில் (சுற்றும் விரலை நிறுத்தும் உலோகக் கொக்கி) முட்டிவிடும். (முதலாளி நிம்மதியாகச் சாப்பிடப் போவார். பையன்கள் ரிசீவரைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் கொக்கியை டக் டக் என்று தட்டியே நம்பர் போட்டுவிடுவார்கள். லைனை வெட்டி வெட்டிச் சேர்ப்பதுதான் டயலின் முழு வேலையும் என்பதை அவர்கள் யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்திருந்தார்கள்.) இந்த டயல் வீட்டுப் போனில் இருந்ததல்ல, தொழில் நடந்த இடத்தில் இருந்தது என்று சொன்னேன். மில்காரர் சிரித்துவிட்டார். அப்பா காலத்தில் மில்லில் பூட்டுப் போட்ட போன் இருந்தது உண்மைதானாம்.

பின்பக்கம்

டயலின் முதுகில் ஐ.டி.ஐ முத்திரை இருந்தது. பெங்களூரில் 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்தான் அது. லிவர்பூலில் இருந்த ஆட்டோமேட்டிக் டெலிபோன் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டுத் தொடங்கியதால், அதன் டயல்களின் உள் அமைப்பில் பிரிட்டிஷ் சாயல் தெரியும். விற்கிறவர்கள் "இங்கிலாந்து டயல்" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முத்திரையைப் பார்க்காமல் சாயலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

இங்கே ஒரு வேடிக்கை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து அதிக தூரமில்லாத கஞ்சிக்கோட்டில் இதே ஐ.டி.ஐ 1976-இல் இன்னொரு ஆலையைத் தொடங்கியது. அது மின்னணு எக்ஸ்சேஞ்சுக் கருவிகள் செய்வதற்கு. பெங்களூர் ஆலை செய்த டயலுக்கு ஓய்வு கொடுத்த தொழில்நுட்பம் பக்கத்து ஊரிலேயே உருவானது என்று சொன்னபோது, மில்காரருக்கு அதைவிட அந்த ஆலையில் வேலை பார்த்த சொந்தக்காரர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

முத்திரையைப் படிப்பதோடு அடையாளம் காண்பது முடிந்துவிடாது. ஒரு டயலைப் பற்றி உண்மையில் தெரியவேண்டியவை மூன்று: எந்தத் துளை எத்தனை துடிப்பு (லைனை ஒருமுறை வெட்டிச் சேர்ப்பது ஒரு துடிப்பு) அனுப்புகிறது, எந்தக் காண்டாக்ட் (தொட்டும் விலகியும் மின்னோட்டத்தைச் சேர்த்து வெட்டும் உலோக முனைகள்) எப்போது திறந்து மூடுகிறது, சக்கரம் என்ன வேகத்தில் திரும்புகிறது.

துடிப்பு விஷயத்தில் எண் வளையம் இல்லாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, ஊகத்துக்கு இடமில்லை. உலகத்து டயல்கள் பெரும்பாலும் 1-க்கு ஒரு துடிப்பு, 0-க்குப் பத்து என்று போகும். சுவீடனில் 0-க்குத்தான் ஒரு துடிப்பு, 1-க்கு இரண்டு. நியூசிலாந்தில் தலைகீழ், 1-க்கு ஒன்பது துடிப்பு, 9-க்கு ஒன்று. ஆனால் இந்த வித்தியாசமெல்லாம் வளையத்தில் அச்சிட்ட எண்ணில்தான். இயந்திரம் எங்கும் ஒன்றே. விரல் தடுப்புக்கு மேலே இருக்கும் முதல் துளை ஒரு துடிப்பு தரும், தடுப்புக்குக் கீழே ஒட்டியிருக்கும் கடைசித் துளை பத்து. நம்முடையதும் அப்படியே.

காண்டாக்ட்களைக் கண்டுபிடிக்க வயரிங் படம் தேவையில்லை. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரண்டிரண்டு முனையாகத் தொட்டேன். சும்மா இருக்கும்போது பீப் அடித்து, சக்கரத்தைச் சுற்றும்போதும் அடித்துக்கொண்டே இருந்து, விட்டதும் விட்டுவிட்டு அடிக்கும் ஜோடிதான் துடிப்புக் காண்டாக்ட். சக்கரம் இடத்தைவிட்டு அசைந்ததும் நிலை மாறி, வீடு திரும்பும்வரை அப்படியே நிற்பது இன்னொரு ஜோடி. போனில் இந்த இரண்டாவது ஜோடிக்கு ஒரே வேலைதான்: டயல் சுற்றும் நேரத்தில் பேச்சுச் சுற்றைக் குறுக்கிவிட்டுக் காதில் படபடவென்று சத்தம் கேட்காமல் செய்வது. மறுபயன்பாட்டில் இதற்கு வேறு மதிப்பு வந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வேகம்

டயலின் சரியான வேகம் வினாடிக்குப் பத்துத் துடிப்பு. 9 முதல் 11 வரை போனால் குற்றமில்லை. அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டயலுக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்து, கடைசித் துளையைச் சுற்றிவிட்டு, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அலைவடிவத்தைத் திறந்தால் பத்து முள்கள் தெரியும். முதல் முள்ளுக்கும் கடைசி முள்ளுக்கும் நடுவில் ஒன்பது இடைவெளி. சரியான டயலில் அது 0.9 வினாடி. இந்த டயலில் 1.3 வினாடி, அதாவது வினாடிக்கு ஏழு துடிப்புக்கும் சற்றுக் குறைவு. கேட்டாலே தெரிந்தது, சோம்பலாகத் திரும்பியது.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே இருக்கும் கவர்னர். சுருள் பல் ஒன்று அதை வேகமாகச் சுழற்றும்போது இரண்டு சிறு எடைகள் விரிந்து ஒரு கிண்ணத்தின் உள்சுவரில் உரசும். வேகம் கூடினால் உரசலும் கூடும், வேகம் அடங்கும். மில்லில் இருந்த டயல் என்பதால் காய்ந்த கிரீஸோடு மாவும் சேர்ந்து பல்சக்கரங்களில் பசையாகியிருந்தது. கவர்னரில் கோளாறு இல்லை.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் பல்சக்கரங்களைத் துடைத்து, அச்சு முனைகளில் ஊசி நுனியால் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு வைத்தேன். கவர்னர் கிண்ணத்தில் மட்டும் எண்ணெயே காட்டவில்லை, அந்த இடம் உலர்ந்து இருந்தால்தான் வேகம் நிலையாக இருக்கும். எல்லாவற்றின் மேலும் ஸ்பிரே அடிப்பவர்கள் டயலைக் கெடுப்பது இங்கேதான். மெயின் ஸ்பிரிங்கைக் கழற்றவில்லை. அதற்கு முன்கூட்டியே கொடுத்திருக்கும் முறுக்கு தப்பிவிட்டால் பிறகு எல்லா அளவும் தப்பும். துடிப்புக் காண்டாக்ட்களுக்கு நடுவில் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாளை விட்டு மெல்ல இழுத்தேன். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும்.

பிறகு அளந்தபோது ஒன்பது இடைவெளிக்கு 0.93 வினாடி. துடிப்பில் திறந்திருக்கும் நேரம் மூடியிருக்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பிரிட்டிஷ் வழியில் வந்த டயலுக்குரிய விகிதம். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல நிலை.

துடிப்பை எண்ணப்போவது மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு சிப்), எந்த வேகத்தில் சுற்றினாலும் அது எண்ணிக்கொள்ளும், பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பசையோடு ஓடும் டயல் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும், நாளடைவில் நடுவழியிலேயே நிற்கும். அப்புறம், அந்த அம்மாவின் காது பழகிய வேகம் வினாடிக்குப் பத்து.

எதற்குப் பயன்படுத்துவது

டயலைச் சுவர்க் கடிகாரமாக்கலாம், மேசை விளக்கில் பதிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் டயலை அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. உடைந்தது என்றால் சரி. முழுதாக ஓடுவதை உள்ளுறுப்பு எடுத்துப் பொம்மையாக்க வேண்டிய அவசியம் என்ன?

பழைய போன் ஒன்றில் பூட்டி லேண்ட்லைனில் இணைப்பது இயல்பான வழி. அந்த வீட்டில் செப்புக் கம்பி இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது. ஃபைபர் இணைப்பு எடுத்தாலும் பல மோடங்களின் போன் துளை பட்டன் போன் அனுப்பும் டோனை மட்டும் புரிந்துகொள்ளும், துடிப்பை எண்ணாது. துடிப்பை டோனாக மாற்றும் சிறு கருவி இடையில் போடலாம். ஆனால் இருக்கும் ஒரே தொடர்பு சிம் கார்டுதான் என்பதால், ஜி.எஸ்.எம் மாட்யூல் (சிம் போட்டு அழைப்பு எடுக்கும் சிறு பலகை) வைத்த ஒரு பெட்டி என்று முடிவானது.

ரிசீவர் கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தது. உள்ளே கார்பன் மைக். கரித்துகள் வழியாக மின்னோட்டம் போய் வேலை செய்யும் அந்த மைக் ஜி.எஸ்.எம் மாட்யூலுக்கு ஒத்துவராது. அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே குழிக்குள் எலக்ட்ரெட் மைக் ஒன்றை வைத்தேன். சிக்னல் அனுப்பும் கணத்தில் மாட்யூலுக்கு 2 ஆம்பியர் வரை தேவைப்படும். அடாப்டர் மெலிந்ததாக இருந்தால் அழைப்பு போகும் நேரத்தில் எல்லாம் ரீசெட் ஆகும். மாட்யூலுக்கு அருகிலேயே 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று வைப்பது நல்லது.

டயலை இ.எஸ்.பி.32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இணைப்பதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தக் காண்டாக்ட்கள் 48 வோல்ட் லைனில் பத்துக் கணக்கான மில்லி ஆம்பியரை வெட்டிச் சேர்க்கச் செய்யப்பட்டவை. 3.3 வோல்ட்டில் மிகச் சிறிய மின்னோட்டம் போனால் காண்டாக்ட் மேல் இருக்கும் மெல்லிய படலத்தை அது துளைக்காது, எண்ணிக்கை அவ்வப்போது தவறும். போர்டுக்குள் இருக்கும் புல்-அப்பை (காண்டாக்ட் திறந்திருக்கும்போது வோல்ட்டை மேலே இழுத்து வைக்கும் மின்தடை) நம்பாமல் வெளியில் 1 கிலோ ஓம் மின்தடை போட்டால் 3 மில்லி ஆம்பியர் போகும், போதும். இரண்டாவது, காண்டாக்ட் அதிர்வை மென்பொருளில் வடிகட்டும் நேரம். ஒரு துடிப்பில் மூடியிருக்கும் பகுதி சுமார் 33 மில்லி வினாடிதான். வடிகட்டும் நேரத்தை 30 என்று வைத்தால் நல்ல துடிப்பும் வடிந்துவிடும். இதில் 10 வைத்தேன்.

இப்போது அந்த இரண்டாவது ஜோடி. டயல் இடத்தைவிட்டு நகர்ந்தது முதல் வீடு திரும்பும்வரை அது நிலை மாறி நிற்கும் என்பதால், "எண்ணத் தொடங்கு", "எண்ணியது போதும்" என்ற இரண்டு கட்டளையையும் அதுவே கொடுக்கிறது. அது உடைந்த டயல்களில் மட்டும் கால அளவை வைத்து இலக்கம் முடிந்ததா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும், 200 மில்லி வினாடிக்கு மேல் துடிப்பு வராவிட்டால் முடிந்தது என்று. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகள் இந்தக் கடினமான வழியில்தான் வேலை செய்தன. அங்கே இரண்டு கம்பிதான் வரும், டயல் வீடு திரும்பியதா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. ஏ ரிலே (ரிலே என்பது மின்காந்தம் இயக்கும் சுவிட்ச்) ஒவ்வொரு வெட்டுக்கும் விழுந்து எழும். மெதுவாக விடும் பி ரிலே அந்தச் சிறு வெட்டுகளில் விழாமல் லைனைப் பிடித்து வைக்கும். துடிப்புகள் நின்று சற்று நேரமானதும் சி ரிலே விழுந்து, இலக்கம் முடிந்தது என்று அறிவிக்கும். கன்சாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது அது. நான் எழுதிய நிரலில் இருக்கும் டைமர் மாறிகளுக்கு ஏ, பி, சி என்றே பெயர் வைத்தேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை, என் திருப்திக்கு.

அம்மாவின் கையில்

அவர் டயலைப் பிடித்த விதத்தைப் பார்த்துத்தான் எண் வளையம் செய்வதையே கைவிட்டேன். "கண்ணு, இந்தக் கொக்கிக்கு மேல கை வெச்சா ஒண்ணு, கீழ வெச்சா சைபர். நடுவுல எண்ணிக்குவேன்" என்றார். ஐந்தாவது துளைக்குப் பக்கத்தில் ஒட்டும் புள்ளி ஒன்று மட்டும் வைத்தோம், இரண்டு பக்கமிருந்தும் எண்ணத் தோதாக.

பத்து இலக்கக் கைபேசி எண்ணைச் சுற்றுவது இந்த டயலுக்கும் அவருக்கும் சிரமம். அந்தக் காலத்தில் கோவைக்குப் பேச 0422 சுற்றினாலே 18 துடிப்பு. இன்றைய எண்கள் பலவும் 9, 8 என்று பெரிய இலக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் ஒரு துளைக்கு ஒருவர்: 1 மில்லுக்கு, 2 பொள்ளாச்சியில் இருக்கும் மகளுக்கு, 3 பேரனுக்கு. இதில் ஒரு சிக்கல். அவசர எண் 112-உம் 1-இல்தான் தொடங்குகிறது. 1 சுற்றியதும் உடனே மில்லுக்குப் போனால் 112 எப்போதும் போகாது. ஒரு இலக்கம் வந்தபின் நான்கு வினாடி காத்திருந்து, வேறு இலக்கம் வராவிட்டால் மட்டும் அந்த ஆளை அழைக்கும்படி வைத்தேன். 112 மொத்தம் நான்கே துடிப்பு, மூன்று இழுப்பில் முடிந்துவிடும்.

சோதித்தபோது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தவர் கீழே வைத்துவிட்டார். "லைன் செத்துக் கெடக்குதே கண்ணு." டயல் டோன் இல்லை! கைபேசித் தலைமுறைக்கு மறந்தே போன சத்தம். இந்திய டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கிய அந்த 'ர்ர்ர்'. இ.எஸ்.பி.32-இன் 25-ஆம் பின்னில் இருக்கும் டி.ஏ.சி (எண்களை ஒலி அலையாக மாற்றும் பகுதி) வழியாக அதை உருவாக்கி, சிறு ரிலே ஒன்றால் காதுப்பக்கம் கொடுத்தேன். முதல் துடிப்பு வந்ததும் ஒலி நிற்கும், எக்ஸ்சேஞ்சு செய்ததுபோலவே. அதற்குப் பிறகு நான்கு வினாடி மௌனமும் அவருக்குப் பழகிய மௌனமாகிவிட்டது. டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தவருக்கு நான்கு வினாடி ஒன்றுமேயில்லை.

இதே வேலையை எடுப்பவர்களுக்குச் சில விஷயம். நான் போட்ட மாட்யூல் 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது, 2ஜி சேவை இருக்கும் நிறுவனத்தின் சிம்தான் வேலை செய்யும். 2ஜி நின்றால் 4ஜி மாட்யூலுக்கு மாறவேண்டும். எல்லை ஓரம் என்பதால் சிக்னல் சில சமயம் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் சில சமயம் கேரளக் கோபுரத்துக்கும் தாவுகிறது. ஆன்டெனாவை ஜன்னல் ஓரம் நகர்த்தி வைத்ததும் அழைப்பு அறுபடுவது குறைந்தது. கரண்ட் போனால் பெட்டி வேலை செய்யாது, அதனால் பக்கத்தில் இருக்கும் பழைய பட்டன் போனை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டயலில் எதையும் வெட்டவில்லை, சால்டர் செய்யவுமில்லை. திருகு முனைகளில் வளையக் கம்பி மாட்டித்தான் இணைத்திருக்கிறேன். 4ஜி மாட்யூல் வாங்கினாலும், பழைய ஐ.டி.ஐ போன் பெட்டி ஒன்று எங்காவது கிடைத்து டயலை அதில் பூட்டினாலும், கழற்ற வேண்டியது மூன்று திருகு. மில்காரர் இப்போது அந்தப் பெட்டிக்குத்தான் உக்கடத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.